வீட்டுச் செருப்போடு வரவும்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். உடனே மடித்து அலமாரியில் போட்டுவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுப் பிறகு திட்டுங்கள். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் இருவருக்கும் போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே சூடு ஏறிவிடும். எழுதினால் கை வலிக்குமே என்றாவது கொஞ்சம் குறைத்துத் திட்டுவோம். பிளாஸ்டர் மூட்டை கொண்டுவரும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று உங்களிடமே நேராகக் கேட்டுவிடுவார்.

இந்தக் கிளைப் பட்டறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை. முன்பு மருந்துப் பெட்டி அடுக்கி வைத்திருந்த இடம், இன்னும் அந்த வாசனை போகவில்லை. ஓர் அறையில் தொட்டி, அடுப்பு, அரம் போடும் மேசை. இன்னொன்றில் புதுச் செயற்கைக் காலைப் போட்டு நடந்து பார்க்க இரண்டு கைப்பிடிக் கம்பி. என்னைச் சேர்த்து நாலு பேர். செருப்புக் கம்பெனியிலிருந்து வந்த சுருட்டை, தச்சு வேலை பார்த்த நெட்டையர், வார் தைக்கும் தையல்காரம்மா. சுருட்டைக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கிறது. அவளே அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அரம் போடச் சொல்லிக்கொடுங்கள்.

மிச்சக் காலைச் சுற்றி ஈரப் பிளாஸ்டர் துணி கட்டுகிறோம். காய்ந்ததும் உருவி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால் அந்தக் காலின் அச்சு கிடைக்கிறது. அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை இழுத்தால் கால் உட்காரும் கிண்ணம் தயார். இவ்வளவும் யாருக்கும் வரும். நடுவில் அச்சை அரத்தால் சில இடத்தில் தேய்க்க வேண்டும், சில இடத்தில் தேய்க்கக் கூடாது. அங்கேதான் நான் முழிக்கிறேன். கம்மியாகத் தேய்த்தால் கால் ஆடுகிறது, அதிகமாகத் தேய்த்தால் கடிக்கிறது. இதையெல்லாம் உங்களுக்கே எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். எவ்வளவு வார்த்தையில் சொல்ல முடிகிறது என்று எழுதிப் பார்த்தேன். இங்கே வந்து நின்றுவிட்டது.

போன ஆகஸ்டில் நான் கேட்டபோது, "இதெல்லாம் சொல்லி வராது, கையில வரணும்" என்று சொன்னீர்கள். "சொல்லத் தெரியலன்னு சொல்லுங்க அண்ணி" என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். பிறகு சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். அதை இப்போது கிளறவில்லை. இங்கே புகாரோடு திரும்பி வரும் கால்களைத் தலைமை அலுவலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. வருஷக் கடைசிக்குள் அது குறையவில்லை என்றால் கிளையை மூடிவிடுவார்கள். மூடினால் இந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு வார் அறுந்தாலும் ஒற்றைக் காலோடு நாள் முழுக்க பஸ்ஸில் உங்களிடம் வர வேண்டும். அதை நினைத்துத்தான் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 21

மேலாளர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலமாரியில் போடவில்லை. உன் அண்ணன் நான் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்கா?" என்றார். நலமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

நீ கேட்பதை நான் கொடுக்க மாட்டேன் என்றில்லை, கொடுக்க வழியில்லை. வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், செய்தேன், கை பிடிபட்டது. இன்று யாராவது வாசலில் வந்து, "அந்தம்மா செய்யற கால்தான் வேணும், எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கோம்" என்று சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஏன் இருக்கக் கூடாது? கிண்ணத்தின் அடியில் அவரவர் குறியை ஆணியால் கீறுகிறோமே, என் பிறைக் குறி கீறின கால் எதுவும் கடிக்கிறது என்று இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. இது நானாகச் சொல்வதில்லை. பக்கத்து மேசையில் அரம் போடும் மீசைக்காரரைக் கேட்டுப் பார், அவர் என்னைப் புகழ்கிற ஆளில்லை.

இது கைராசி. கைராசியைக் கடிதத்தில் மடித்து அனுப்ப முடியுமா? நீ புத்திசாலி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பேசியே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று உன் அண்ணன் சொல்கிறார்.

எல்லார் முன்னாலும் நீ சொன்னது எனக்கு வலித்தது. நீ கிளறவில்லை என்றாய், நான் கிளறுகிறேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

தையல்காரம்மாவிடம் சொல், வாருக்கு மெழுகு பூசின நூல் போடட்டும். வெறும் நூல் வியர்வையில் இற்றுவிடும்.

உன் அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

வலித்தது என்று எழுதியதற்கு நன்றி. எனக்கும் பஸ்ஸில் வலித்தது. இதற்கு மேல் எழுதினால் இருவரும் அழுவோம், அதற்குப் பதில் மெழுகு நூலைப் பற்றிப் பேசுவோம். மாற்றிவிட்டோம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சலவைக் கடைக்காரம்மா ஒருவர் இருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடியே இஸ்திரி போடுகிறவர். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. நானே கால் செய்து கொடுத்தேன். இங்கே கம்பியைப் பிடித்து நடந்தபோது கல்யாணப் பெண் மாதிரி நடந்தார். வீட்டுக்குப் போன மறு வாரமே திரும்பி வந்துவிட்டார். "பின்னாடி தள்ளுதும்மா. தரையிலதான் நிக்கிறேன், ஆனா எப்பவும் மேடு ஏறுற மாதிரியே இருக்கு" என்றார். இங்கே மறுபடி நடக்கச் சொன்னேன். நேராக நடந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரம் போட்டதுதான் தப்பு என்று நினைத்து அச்சைத் திரும்பத் தேய்த்தேன்.

அதே வாரம் அடுப்புக்குப் பின்னால் துடைப்பத்தைத் தேடப் போனேன். சாக்குக்குள் ஒரு கால். சுருட்டை செய்தது. திரும்பி வந்ததை எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள், எல்லாரும் போன பிறகு சரிசெய்யலாம் என்று. திட்ட வாயைத் திறந்தேன், அதற்குள் நெட்டையர் எழுந்து போய்ப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து தன்னுடையது ஒன்றைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். அலுவலகம் எண்ணுகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒளிக்கிறார்கள். நானே ஒளிக்க நினைத்தேன் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

அதனால் ஒரு வழக்கம் வைத்தேன். சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் நடு மேசையைக் காலி செய்கிறோம். அந்த வாரம் அவரவர் சொதப்பியதை அதில் வைத்து, எப்படிச் சொதப்பினோம் என்று சொல்ல வேண்டும். சிரிக்கலாம், திட்டக் கூடாது. முதல் சனிக்கிழமை யாரும் எதுவும் வைக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சலவைக்காரம்மா காலை வைத்தேன். பிறகு சுருட்டை வைத்தாள். பிறகு நெட்டையர். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது தையல்காரம்மா, "மூணுக்கும் ஒரே புகார்தானே?" என்றார். ஆமாம், மூன்று பேரும் "பின்னாடி தள்ளுது" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கையும் வேறு வேறு, தப்பு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஒளித்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அண்ணி.

பதில் இன்னும் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

குறி கீறும் வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். சுருட்டை தன் முடி மாதிரியே ஒரு சுருளைக் கீறுகிறாள்.


ஏப்ரல் 6

நாத்தனாருக்கு,

உன் சனிக்கிழமை மேசையைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. கிளையை மூடலாமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரும்பி வந்ததை எல்லாம் நடு மேசையில் வரிசையாக அடுக்கி வைப்பாயா? அதிகாரி வந்தால் எண்ணுவதற்கு வசதியாக இருக்கும் என்றா? உனக்குத் தைரியம் ஜாஸ்தி, எப்போதுமே.

பின்னால் தள்ளுவதற்கு எனக்குத் தெரிந்து காரணம் அரம்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே நீங்கள் கம்மியாகத் தேய்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே யாரும் அப்படி ஒரு புகார் சொன்னதில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. "சொல்லத் தெரியலன்னு சொல்லுங்க" என்றாயே, அது காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சரி, சொல்லித்தான் பார்ப்போமே என்று ஓர் அச்சை எடுத்து வைத்துக்கொண்டு, செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே அரம் போட்டேன். இங்கே தேய்க்கிறேன், இங்கே நிறுத்துகிறேன் என்று. வாய் ஓடினால் கை நிற்கிறது, கை ஓடினால் வாய் நிற்கிறது. கடைசியில் அச்சு கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. மீசைக்காரர் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வீட்டில் வந்து புலம்பினேன். மறுநாள் உன் அண்ணன் கடையை அடைத்துவிட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டார். "நீ பேசாதே. நீ செய், நான் பாத்துச் சொல்றேன்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. முடிந்ததும் சொன்னார்: "இத்தனை வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன், நீ கண்ணை மூடிக்கிட்டு ஒரு வேலை செய்வேன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு அரம் போடுகிறேன். எனக்கே தெரியாது. இன்னொன்றும் சொன்னார். வலது கை அரத்தை இழுக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் இடது கட்டைவிரல் போய் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சு எடுப்பதற்கு முன் அந்த ஆளின் நிஜக் காலை அதே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருப்பேன். எங்கே அழுத்தினால் முகம் சுளிக்கிறது, எங்கே சும்மா இருக்கிறது என்று விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. விரல் சொல்லும் இடத்தில் அரம் நிற்கிறது. இத்தனை காலம் கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் போலிருக்கிறது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக சந்தோஷமாகவும் இருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழங்கு அச்சை இந்த வேனில் அனுப்பியிருக்கிறேன். உன் மேசையில் வைத்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

கிழங்கு வந்து சேர்ந்தது. வேன்காரர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். சனிக்கிழமை மேசை நடுவில் வைத்து, பெரிய பட்டறையில் எல்லாரும் காத்திருந்து கால் வாங்கிப் போகும் அண்ணி செய்தது இது என்று சொன்னேன். நெட்டையர் எழுந்து நின்றுவிட்டார். அன்று மேசையில் வைக்க யாரும் தயங்கவில்லை. நீங்களே சொதப்பலாம் என்றால் நாங்கள் எந்த மூலைக்கு?

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உடனே சுருட்டை ஒரு துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கட்டைவிரல் சும்மா இருப்பதில்லை. வருகிறவர்களின் காலை அழுத்திப் பார்க்கிறாள், பிறகு அச்சை அழுத்திப் பார்க்கிறாள், மறுபடி காலுக்குப் போகிறாள். வெளிப்பக்கம் முழங்காலுக்குக் கீழே முண்டாக ஒரு சின்ன எலும்பு இருக்குமே, அங்கே அச்சைத் தேய்க்கக் கூடாது, மேலே கொஞ்சம் பிளாஸ்டர் பூச வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியும் அவளுக்கு ஏறியதில்லை. கண்ணைக் கட்டிய அன்று அவளே சொன்னாள்: "அக்கா, இந்த எடத்துல அழுத்துனா அவர் மூச்சை நிறுத்துறாரு. இங்க எடம் விடணும்." வேலைக்கு வந்தபோது சம்பளத் தேதியை மட்டும் கேட்டவள். இப்போது வீட்டுக்குப் போகச் சொன்னால் முறைக்கிறாள்.

இனி பெரிய செய்தி. பின்னால் தள்ளுவதற்கு அரம் காரணமில்லை.

போன சனிக்கிழமை சலவைக்காரம்மா வந்தார். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவரையும் உட்காரச் சொன்னேன், அவருடைய கால்தானே மேசையில் இருக்கிறது. வழக்கம்போல் அதை மாட்டிக்கொண்டு நடக்கச் சொன்னால், இந்த முறை இங்கேயே பின்னால் சாய்ந்தார். கம்பியைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். நேராக நடந்தவருக்கு இன்று மட்டும் என்ன என்று எல்லாரும் குனிந்து பார்த்தோம். காலில் தட்டைச் செருப்பு. "உங்க ஷூ எங்கேம்மா?" என்று சுருட்டை கேட்டாள். அவருக்கு வெட்கம். அது மகளுடைய ஷூவாம். டவுனுக்கு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு வருகிறோமே என்று மகளிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவாராம். அன்று மகள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சுருட்டை தன் ஷூவைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள். நிமிர்ந்து நின்றார். கழற்றினோம், சாய்ந்தார். மறுபடி போட்டோம், நிமிர்ந்தார். நாங்கள் ஐந்து பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

புரிகிறதா அண்ணி? இங்கே வருகிறவர்கள் எல்லாரும் தூரத்திலிருந்து நல்ல உடுப்பும் குதி உயர்ந்த ஷூவுமாக வருகிறார்கள். நாங்கள் அந்தக் குதிக்கு ஏற்றபடி கிண்ணத்துக்குக் கீழே பாதத்தை வைத்து முடுக்கி அனுப்புகிறோம். அவர்கள் வீட்டில் போய் ஷூவைக் கழற்றியதும் குதி கீழே இறங்கி, கால் முழுக்கப் பின்னால் சாய்கிறது. நிஜமாகவே மேடு ஏறுகிற நிற்பு அது. உங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அன்றாடச் செருப்போடு வருகிறார்கள், அதனால் உங்களுக்கு இந்தப் புகாரே வரவில்லை. நெட்டையரும் சுருட்டையும் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவர் மச்சினன் ஷூ, இன்னொருவர் கல்யாண ஷூ.

வாசலில் பலகை மாட்டிவிட்டோம்: "வீட்டுச் செருப்போடு வரவும்."

உங்கள் நாத்தனார்


ஜூன் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மீசைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினேன். மீசைக்காரர்தான் கேட்டார்: "இங்க யாருக்கும் இது தெரியாதா, இல்ல யாரும் சொல்லலையா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். அதற்குப் பின்னால், அம்மாடி, ஒரு படையே நின்றது. யாருடையது என்று எழுத மாட்டேன், நீ எல்லாரையும் அறிவாய். பெரிய பட்டறை என்று பேர், சொதப்பலையும் பெரிசாகத்தான் செய்திருக்கிறோம். அதிலும் ஒன்று "பின்னால் தள்ளுகிறது" என்று வந்ததுதான். செய்தவர் தனக்கு மட்டும் வந்த தப்பு என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் புதிதாக ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். இங்கே அப்படி ஒரு புகார் வந்ததில்லை என்று உனக்கு நான் எழுதினேனே, என் காதுக்கு வராததை எல்லாம் இல்லை என்று நினைத்திருக்கிறேன்.

உனக்கு முதலில் தெரிந்துவிட்டதே என்று ஒரு நாள் முழுக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்? மறுநாள் அது போய்விட்டது, வாசலில் பலகை எழுத உட்கார்ந்தேன். அதே வார்த்தைதான், எழுத்து மட்டும் என்னுடையது. உன் எழுத்தைவிட அழகாக இருக்கும்.

இங்கேயும் சனிக்கிழமை மேசை போட்டாகிவிட்டது. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அரம் போடுவதைப் பார்க்க முதலில் வேடிக்கைக்கு வந்தார்கள். இப்போது அவரவர் துணியைக் கொண்டுவருகிறார்கள். உன் அண்ணனும் வருகிறார். அவருக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் யார் கை எங்கே தயங்குகிறது என்று மனுஷன் கரெக்டாகச் சொல்கிறார். விளக்குக் கடை வைத்திருப்பவருக்கு இவ்வளவு கண் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

முன்பெல்லாம் "அந்தம்மா செய்யற கால்" என்று கேட்டு வருகிறவர்களை நான் ஒருத்தியே பார்ப்பேன். போன வாரம் அப்படி வந்தவரிடம் புதிதாக வந்திருக்கும் பெண்ணைக் கைகாட்டி, இவள்தான் செய்வாள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். நின்றேன். கை அரித்தது. இருந்தும் அரத்தை நான் தொடவில்லை. அவர் நடந்து போனபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். என் முதல் காலை ஒருவர் போட்டுக்கொண்டு நடந்த அன்று என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து என்னிடம் பேசினார்கள். கிளையை மூடினால் அந்த வேலையும் இங்கே சேரும், எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பாம், தனி அறையாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதைவிட நானே சொல்வது நல்லது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களே சொன்னதற்கு நன்றி. அந்தப் பொறுப்புக்கு உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை. இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன், மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டது.

தலைமை அலுவலக அதிகாரி வந்தார். சனிக்கிழமை என்று தெரிந்தே வந்தாரா, தற்செயலா தெரியவில்லை. மேசை நிறைய வைத்திருந்தோம். பழையவற்றையும் நாங்கள் தூக்கிப் போடுவதில்லை, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறோம். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நெட்டையர், "இன்னிக்கு ஒரு நாளைக்கு உள்ள வெச்சிடலாமே, நாளைக்கு மறுபடி எடுத்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த நிமிஷம் கை நீண்டது. சுருட்டை மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "அக்கா, இதை ஒளிச்சா நான் மறுபடி அடுப்புக்குப் பின்னாடிதான் போகணும்" என்றாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

அதிகாரி ஒவ்வொன்றாக எண்ணினார். நான் ஒவ்வொன்றையும் என்ன தப்பு, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொன்னேன். பலகை மாட்டிய பிறகு பின்னால் தள்ளுகிறது என்று ஒருவரும் வரவில்லை என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளவு திரும்பி வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். போகும்போது அலமாரியில் முடிந்து நின்ற கால்களில் ஒன்றைக் காட்டி, எடுத்துப் போகலாமா என்றார். கொடுத்தோம்.

அவர் போனதும் தையல்காரம்மா எல்லாருக்கும் தேநீர் போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார், அப்படியே குடித்துவிட்டோம்.

ஒன்று சொல்லட்டுமா? பயமாக இருக்கிறது, ஆனால் வருத்தமாக இல்லை. இந்த இரண்டு அறையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மூடினாலும் இந்த நாலு பேர் எங்கே போனாலும் அங்கே ஒரு மேசையைக் காலி செய்வார்கள். சலவைக்காரம்மா இப்போது தட்டைச் செருப்போடு நாள் முழுக்க நிற்கிறார். போன வாரம் என் உடுப்புக்கெல்லாம் இஸ்திரி போட்டுக்கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்று சண்டை பிடித்தார்.

முடிவு எதுவானாலும் நீங்களே எழுதுங்கள். அலுவலகக் காகிதத்தில் படிக்க எனக்கு விருப்பமில்லை.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். கிளையை மூடவில்லை. நிரந்தரமாக்கிவிட்டார்கள். காகிதம் அடுத்த வாரம் வரும். இப்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கால், துணி போட்டு மூடி. "ஒண்ணு அங்கேருந்து எடுத்துட்டு வந்தது, ஒண்ணு இங்க செஞ்சது. எது எதுன்னு சொல்லுங்க. அங்க செஞ்சதுல என்ன குறைன்னும் சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் நான் எழுதப் போறேன்" என்றார். பொய் சொல்ல எனக்கு வராது. குறை இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் கிளையை என் வாயாலேயே மூட வைக்கிறாரே என்று நினைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு முதல் கிண்ணத்துக்குள் கையை விட்டேன். மோசமில்லை. ஆனால் வெளி எலும்புக்கு இடம் விட்டதில் தயக்கம் தெரிந்தது, பின் விளிம்பு கொஞ்சம் தடிப்பு. இதுதான் அங்கேயிருந்து வந்தது என்றேன். இரண்டாவதில் கையை விட்டதுமே எனக்கு நிம்மதியாகிவிட்டது. முழங்கால் சில்லுக்குக் கீழே மெத்தென்று பாரம் தாங்கும் இடம், எலும்புக்குப் பக்கத்தில் அளவான பள்ளம், முழங்காலை மடக்கத் தோதாக மெல்லிய விளிம்பு. எத்தனை செய்திருப்பேன், எனக்குத் தெரியாதா? "இது என்னுது சார்" என்றேன். நிரூபிக்கிறேன் என்று அடியில் விரலை விட்டுப் பிறையைத் தேடினேன்.

பிறை இல்லை. விரல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சுருள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். முதல் கிண்ணத்தைத் திருப்பினால் அது நம் மீசைக்காரருடையது. அவரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த சனிக்கிழமை அதுதான் மேசையில் முதலாவது.

நான் முகம் கூடப் பார்க்காத ஒரு பெண், என் கையைப் பிடித்துப் பார்க்காத ஒரு பெண், என் கை செய்வதைச் செய்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று. இப்போது சிரிப்புத்தான் வந்தது. அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அதிகாரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"ஆனா அங்க மேசை நெறைய திரும்பி வந்த காலா இருக்கே?" என்றார் பிறகு.

"அங்க மேசை மேல வெக்கிறாங்க சார். நாங்க இத்தனை வருஷமா அலமாரிக்குப் பின்னாடி வெச்சிருந்தோம். வாங்க, காட்டறேன்" என்றேன். அழைத்துப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வாசலில் நம் பலகையையும் படித்தார். தனி அறை எனக்கு வேண்டாம், அரம் போடும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நீ அன்று எல்லார் முன்னாலும் சொன்னது சரிதான். எனக்குச் சொல்லத் தெரியாமல்தான் இருந்தது. நீ அதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் தனியாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வேனில் மூட்டைகளோடு நானும் வருகிறேன். உன் அண்ணனும் வருவதாக அடம் பிடிக்கிறார். சனிக்கிழமைக்கு வந்து சேர்வோம். டவுனுக்குப் போகிறோமே, புது ஷூ வாங்கட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் வீட்டுச் செருப்போடுதான் வருவோம்.

அன்புடன்,
உன் அண்ணி

பி.கு. அந்தக் கால் என்னுடையது என்று நான் ஏமாந்ததைச் சுருட்டையிடம் இப்போது சொல்லாதே. சின்னப் பெண், தலைக்கு ஏறிவிடும். நான் வந்து நேரில் பார்த்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இல்லை, மேலே எழுதியதை அடிக்கவில்லை, ஆனால் அதன்படி செய்யாதே. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுச் சொல். எல்லார் முன்னாலும் சொல்.